வாக்ஸ் எத்தனை நாள் தாங்கும்? சொந்தக் காரில் சோதிக்க நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்

டப்பாவின் மூடியில் ‘ஆறு மாதப் பாதுகாப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்த ஊரில் ஆறு மாதம், யார் ஓட்டுகிற காரில், அந்தக் கார் எந்த மரத்தடியில் நிற்கும்போது என்பதெல்லாம் மூடியில் இடம் போதாமல் விட்டுப்போயிருக்கும். விட்டுப்போனதை நாமே கண்டுபிடித்துவிட்டால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில்தான் இந்தக் கட்டுரைக்கு வேலை வருகிறது.

இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் தெற்கு ஃபுளோரிடா என்றால் வெயிலும் ஈரமும் சேர்ந்து வாட்டும். அரிசோனா என்றால் காய்ந்த வெயில். இரண்டு இடத்திலும் வெட்டவெளியில் சட்டம் அடித்து, பெயின்ட் பூசிய தகடுகளைத் தெற்குப் பார்த்துச் சாய்த்து வைத்து, மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் காயவிடுகிறார்கள். அவசரக்காரர்களுக்கு ஆய்வகத்திலேயே ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே புற ஊதா விளக்கு எரியும், பிறகு ஈரம் படியும், மறுபடி விளக்கு எரியும். இந்தத் தகடுகளுக்கு வாய்த்த பெரிய பாக்கியம் வெயிலும் இல்லை, ஈரமும் இல்லை. அவற்றை யாரும் துடைப்பதில்லை.

உங்கள் தகடு சென்னையில் மேடவாக்கத்திலிருந்து கிண்டிக்குப் போய்த் திரும்பி வருகிற தகடு. அதற்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

வண்டியைத் தயார் செய்தல்

வாக்ஸ் போடுவதற்கு முன் கார் சுத்தமாக இருக்க வேண்டும். ஷாம்பூ போட்டுக் கழுவிவிட்டால் சுத்தம் என்று நினைத்துக்கொள்வீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் உறைபோல மாட்டிக்கொண்டு, காய்ந்த பானட்டின்மேல் மெதுவாகத் தடவுங்கள். (தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடைசெய்யப்பட்ட பைதான். உங்கள் வீட்டில் எந்த டிராயரில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.) வெறுங்கையில் வழவழப்பாகத் தெரிந்த இடம் பைக்குள்ளிருந்து தடவும்போது உப்புத்தாள்போலச் சொரசொரக்கும். தார்த் துளி, பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் தூள், ஏதோ ஒரு கட்டடத்தின் சிமென்ட் என்று பலதும் அங்கே குடியேறியிருக்கும். இவற்றை எடுக்க க்ளே பார் என்று ஒரு களிமண் கட்டி விற்கிறார்கள். வாங்குங்கள். ஒருமுறை கீழே விழுந்துவிட்டால் அதைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள். தரையில் கிடந்த மணலோடு அது காரைத் தொட்டால் நடப்பதற்குப் பெயர் சுத்தம் செய்தல் அல்ல.

கடையில் கவனமாக இருங்கள். பாலிஷும் வாக்ஸும் ஒரே அலமாரியில், ஒரே நிற டப்பாவில், தோளோடு தோள் உரசி நிற்கும். “ரெண்டும் ஒண்ணுதான் சார், கைராசி” என்று கடைக்காரர் சொல்வார். பாலிஷில் நுண்ணிய தேய்ப்புத் துகள் இருக்கிறது. அது காரின் மேல்பூச்சை, அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத க்ளியர் கோட்டை, இம்மியளவு உரித்து எடுத்துத்தான் பளபளப்பைக் கொடுக்கிறது. அந்தப் பூச்சின் மொத்தக் கனமே சுமார் 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமன்கூடத் தேறாது. வாக்ஸ் எதையும் எடுப்பதில்லை, மேலே உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். மாதம் ஒருமுறை பாலிஷ் போட்டுவிட்டு ‘வாக்ஸ் பண்ணினேன்’ என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் கார் சில வருடம் அபாரமாக மின்னும். அதற்குப் பிறகு மின்ன எதுவும் மிச்சமிருக்காது.

டப்பாவில் ‘நூறு சதவீத கார்னாபா’ என்று இருந்தால் புன்னகை செய்துவிட்டு வாங்குங்கள். கார்னாபா என்பது பிரேசிலின் வடகிழக்கே, சியாரா, பியாவி மாநிலங்களில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் படியும் மெழுகு. வறண்ட காற்றில் ஓலை காய்ந்துபோகாமலிருக்க மரம் தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஓலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, தட்டி உதிர்த்து மெழுகை எடுக்கிறார்கள். மிட்டாயின் மினுமினுப்பிலும், மாத்திரையின் மேல்பூச்சிலும், ஷூ பாலிஷிலும் அது உண்டு. 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் உருகும்; மெழுகுகளிலேயே கல்நெஞ்சக்காரன். நூறு சதவீதம் அதுவே இருந்தால் டப்பாவிலிருந்து உளி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே எண்ணெயும் கரைப்பானும் வேறு இளகிய மெழுகுகளும் சேர்த்துத்தான் டப்பாவுக்கு வருகிறது. நூறு சதவீதம் என்றால், உள்ளே இருக்கும் கார்னாபாவில் கலப்படம் இல்லை என்று பொருள். எவ்வளவு கார்னாபா என்பது வேறு கேள்வி. அதற்கும் மூடியில் இடமில்லை.

இனிதான் விஞ்ஞானம். பானட்டின் நடுவில் மாஸ்கிங் டேப்பை நேர்கோடாக ஒட்டுங்கள். ஓட்டுநர் பக்கத்துப் பாதிக்கு மட்டும் வாக்ஸ். இடது பாதி சும்மா இருக்கட்டும். நிழலில், சூடில்லாத உலோகத்தின்மேல், மெல்லிசாகப் பூசி, மங்கலாக உலர்ந்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுங்கள். நிறையப் பூசினால் நிறைய நாள் வரும் என்று நமக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெயின்டோடு ஒட்டுவதெல்லாம் மெல்லிய படலம்தான். மிச்சம் அத்தனையும் துணிக்குப் போய்ச் சேரும். துணி ஆறு மாதத்துக்கும் மேல் தாங்கும்.

இந்த நேரத்தில் மாமனார் காபி டம்ளரோடு கீழே இறங்கி வருவார்.

“என்ன மாப்ளே, பாதியோட விட்டுட்டீங்க? தீந்துபோச்சா?”

“இல்ல மாமா. ஒரு பக்கம் போட்டு, ஒரு பக்கம் போடாம, எவ்வளவு நாள் நிக்குதுன்னு பாக்கப்போறேன்.”

அவர் பானட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்ப்பார். கார் வெள்ளை நிறம். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க?” என்பார்.

பதற வேண்டாம். வெள்ளைக் காரில் இது கண்ணுக்குத் தெரியாது. டேப்பைப் பிய்ப்பதற்கு முன் எந்தப் பக்கம் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்த வாரம் உங்களுக்கும் தெரியாது.

தண்ணீரைச் சாட்சிக்குக் கூப்பிடுதல்

கண்ணுக்குத் தெரியாததைத் தண்ணீர் சொல்லும். வாக்ஸ் இருக்கும் இடத்தில் தண்ணீர் முத்து முத்தாகத் திரளும். இல்லாத இடத்தில் சப்பையாகப் படுத்துக்கொள்ளும். துளியின் ஓரம் தரையோடு செய்யும் கோணத்தை வைத்து இதை அளக்கிறார்கள். 90 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பரப்புக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை என்று கணக்கு. நல்ல வாக்ஸ் போட்ட பானட்டில் அது நூறை ஒட்டி இருக்கும். தாமரை இலையில் 150-ஐயும் தாண்டும். அந்த இலையில் மெழுகுப் படிகங்கள் மட்டும் இல்லை, அவற்றுக்கு அடியில் நுண்ணிய மேடுபள்ளங்களும் இருக்கின்றன. அழுக்கு ஒட்டாமல் தண்ணீரோடு உருண்டு ஓடுவதற்கு இரண்டும் சேர்ந்ததுதான் காரணம் என்று 1997-இல் பார்ட்லாட், நைன்ஹூயிஸ் என்ற இரண்டு ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் எழுதினார்கள். பட்டும் படாமலும் இருப்பவர்களை நாம் அதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே இந்த இலையைச் சொல்லித்தான் திட்டிவருகிறோம்.

உங்களுக்குத் தேவை: மருந்து பாட்டிலோடு வரும் சொட்டுக்குழல், ஆர்.ஓ. தண்ணீர் கொஞ்சம், கைப்பேசி, வீட்டுப் பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருக்கும் பாகைமானி. ஒவ்வொரு பாதியிலும் சில சொட்டு விட்டு, முழங்காலிட்டு, பானட்டின் மட்டத்துக்குக் கைப்பேசியை இறக்கிப் பக்கவாட்டில் படம் எடுங்கள். அப்போது அடுக்குமாடி வாசலைக் கடக்கிறவர்கள், “என்ன சார், கீறல் விழுந்துடுச்சா? யார் இடிச்சது?” என்று நின்று கேட்பார்கள். இல்லை, தண்ணீர்த் துளியைப் படம் எடுக்கிறேன் என்று உண்மையைச் சொல்ல வேண்டாம். ஆமாம், யாரோ இடித்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள். அனுதாபமாவது கிடைக்கும்.

இந்த இடத்தில் நிறையப் பேர் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து, தூசு படிந்த பானட்டில் தண்ணீர் விடுவார்கள். துளி திரளாது, படுத்துக்கொள்ளும். ‘ஆறு மாதம் என்றான், பாவி, பதினைந்து நாளில் போய்விட்டது’ என்பார்கள். தண்ணீர் தொட்டது வாக்ஸை இல்லை, வாக்ஸின்மேல் படுத்திருந்த தூசை. தூசுக்குத் தண்ணீர் மேல் ஆசை அதிகம். நன்றாகக் கழுவிவிட்டுப் பாருங்கள். கீழே வாக்ஸ் உயிரோடுதான் இருக்கும். இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு. சில ஷாம்பூக்களில் மினுமினுப்புக்கென்று ஏதோ சேர்த்திருப்பார்கள். வாக்ஸே படாத பாதியிலும் அதனால் முத்து திரளும். அன்று வீட்டில் யாரிடமும் பேசப் பிடிக்காது.

பாத்திரம் கழுவும் திரவத்தைத் தொடவே தொடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கைப் பெயர்த்தெடுப்பதற்கென்றே பிறந்தது அது. வாணலியில் ஒட்டிய எண்ணெய் வேறு, பானட்டில் ஒட்டிய மெழுகு வேறு என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தடவிப் பார்க்கும் சோதனை ஒன்றும் இருக்கிறது. பருத்தித் துண்டை அழுத்தி இழுத்தால் வெறும் பெயின்ட் ‘கீச்’ என்னும், வாக்ஸ் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். காதுக்கு இனிய சோதனை. தினமும் செய்தால் சீக்கிரமே எல்லா இடமும் கீச்சென்று ஆகிவிடும், சோதனையும் இனிதே நிறைவுறும்.

வெயில், நிழல், தண்ணீர்

‘இன்று 40 டிகிரி’ என்று வானிலைக்காரர்கள் சொல்வது பலகை அடைத்த வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் தொங்கும் வெப்பமானி காட்டும் அளவு. உங்கள் பானட் அந்தப் பெட்டிக்குள் இல்லை. கத்திரி வெயிலில் மேலே சூரியன், கீழே இன்ஜின் என்று இரண்டு பக்கமும் வேகும் தகடு அது. அதனால்தான் வாக்ஸ் முதலில் பானட்டிலும் கூரையிலும் போகிறது. கதவுகளில் கடைசிவரை நிற்கிறது. நல்ல முடிவு வேண்டுமென்றால் கதவில் சோதனை செய்யுங்கள். டப்பாக்காரர்களும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்பது என் சொந்தச் சந்தேகம்.

வெயிலுக்குப் பயந்து மரத்தடிக்குப் போனால் அங்கே வேறு கணக்கு. மாமரத்தில் தத்துப்பூச்சி இருந்தால் இனிப்பான பிசுபிசுப்பு ஒன்றை விடாமல் தூறிக்கொண்டிருக்கும். அதன்மேல் தூசு ஒட்டும், அப்புறம் கரும்பூஞ்சை வரும். மேலே காகம் இருக்கிறது. பறவைகளுக்குச் சிறுநீர் தனியாகக் கிடையாது, எல்லாம் ஒரே உருப்படியாக யூரிக் அமிலத்தோடு வந்து விழும். சூட்டில் இளகி விரிந்திருக்கும் க்ளியர் கோட், எச்சம் காயக் காய அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இறுகும். துடைத்தபின் அந்த இடம் மட்டும் மங்கலாக நிற்பது அதனால்தான். வாக்ஸ் இதைத் தடுக்குமா என்றால், போய்த் துணி எடுத்து வருகிற அளவுக்கு அவகாசம் கொடுக்கும். அலுவலகத்தில் இருந்தபடி அந்த அவகாசத்தை என்ன செய்வது என்று டப்பாவில் சொல்லவில்லை.

மழையால் வாக்ஸுக்கு அப்படி ஒன்றும் பெரிய கேடில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் இருபுறமும் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்தினார்களே, அந்தக் கார்கள் அன்றைக்கு வானத்திலிருந்து வந்த சுத்தமான தண்ணீரில் குளித்தன. சோதனைக்கு உகந்த இடம் என்று பரிந்துரைக்கிறேன். கீழே, இன்ஜின் வரைக்கும் தண்ணீர் ஏறிய காரில் வாக்ஸ் எப்படி இருக்கிறது என்று எழுதியனுப்ப வேண்டாம்.

உண்மையான வில்லன் போர்வெல் தண்ணீர். கால்சியமும் மெக்னீசியமும் கரைந்த கடினத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் வெயிலில் விட்டால், தண்ணீர் பறந்துபோய் உப்பு மட்டும் வெள்ளை வட்டமாக உட்காரும். இதில் ஒரு அநியாயம் இருக்கிறது. சும்மா விட்ட இடது பாதியில் தண்ணீர் படலமாகப் பரவி, உப்பும் மெலிதாகப் பரவிக் காயும். நீங்கள் காசு போட்டு, முதுகு வளைத்து வாக்ஸ் போட்ட பாதியில்தான் ஒவ்வொரு முத்தும் தன் உப்பை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துக்கொண்டு, வரைந்து வைத்த மாதிரி வட்டமாகக் காயும். மாமனார் கண்ணுக்கு முதன்முதலாக இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரியும்.

“இந்தப் பக்கம்தான் போடலயா மாப்ளே?” என்று அவர் காட்டுவது வாக்ஸ் போட்ட பக்கத்தை.

துடைப்பவர்

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் முன்னுரை. காலை ஐந்தரை மணிக்கு, நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, உங்கள் சோதனையைக் கையில் எடுத்துக்கொள்பவர் ஒருவர் இருக்கிறார். அடுக்குமாடியில் மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி எல்லாக் காரையும் துடைப்பவர். ஒரு பக்கெட், ஒரு துணி. அந்தத் துணி ஒரு காலத்தில் யாருடைய பனியனாகவோ இருந்திருக்கும். சங்கச் செயலாளரின் காரில் தொடங்குவார். அப்போது தண்ணீர் தண்ணீராக இருக்கும். உங்கள் கார் கடைசி வரிசையில் இருந்தால், உங்களிடம் வரும்போது பக்கெட்டில் இருப்பது தண்ணீரில் கலந்த சென்னை.

அந்தத் தூசு என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாம் கட்டமாக 118.9 கிலோமீட்டருக்கு மெட்ரோ கட்டுகிற ஊரில் தூசுக்குப் பஞ்சமில்லை. அதில் பெரும்பங்கு மணல். மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்றால் குவார்ட்ஸ் 7. வாக்ஸ் உங்கள் நகத்துக்கே தாங்காது. அந்த மணலைத் துணிக்கும் பானட்டுக்கும் நடுவில் வைத்து, வட்ட வட்டமாக, மனசாட்சியோடு, தினமும் அழுத்தித் தேய்க்கிறார். சம்பளம் வாங்குகிறோமே, அழுத்தித் துடைக்க வேண்டாமா என்ற நேர்மைதான் காரணம். ராத்திரி தெருவிளக்கின் கீழ் காரைப் பாருங்கள். விளக்கைச் சுற்றிச் சிலந்திவலை பின்னியதுபோல வட்டக் கீறல்கள் தெரியும். அது அவருடைய கையெழுத்து.

ஆகவே, அவரிடம் பேச வேண்டும். எப்படிப் பேசுவது என்பதில்தான் சோதனையின் தலையெழுத்தே இருக்கிறது.

“அண்ணே, நம்ம வண்டியில பானட்டை மட்டும் தொடைக்காதீங்க.”

“ஏன் சார், நேத்து சரியா தொடைக்கலயா?”

“அதெல்லாம் நல்லாத்தான் தொடைச்சிருந்தீங்க. ஒரு டெஸ்ட் பண்றேன்.”

“சரிங்க சார்.”

மறுநாள் போய்ப் பார்த்தால் கதவு, கண்ணாடி, டிக்கி எல்லாம் புழுதி. பானட் மட்டும் கண்ணாடிபோல இருக்கும். நேற்று நடந்த உரையாடலில் ‘பானட்’டும் ‘மட்டும்’தான் அவர் காதில் தங்கின. உங்களுக்கு என்னவோ பானட்மீது தனிப் பிரியம் என்று முடிவுகட்டி, மற்ற இடத்துக்கான உழைப்பையும் சேர்த்து அங்கேயே செலவழித்திருப்பார். கோபப்படாதீர்கள். அந்த வாரம் அவர் விடுப்பில் போனால் வேறொருவர் வருவார், அவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கார் கவர் போட்டு மூடிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். தூசு படிந்த காரின்மேல் கவர் போட்டுக் காற்றில் படபடக்க விடுவது, ஆள் வைக்காமலே இருபத்துநாலு மணி நேரமும் துடைக்க வைப்பதற்குச் சமம். கவருக்குச் சம்பளம் கிடையாது என்பது ஒன்றுதான் லாபம்.

துடைப்பவர்கள் வீட்டுக்குள்ளும் உண்டு. ஊருக்குக் கிளம்பும்போது கையில் கிடைத்த நாளிதழை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கிற கை, அப்படியே பழக்கதோஷத்தில் பானட்டுக்கும் ஒரு இழுப்பு இழுக்கும். சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் பைக்காரர் கால் ஊன்றத் தயங்கி உங்கள் பானட்டில் கை ஊன்றுவார். இதையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். எழுதிப் பார்த்தால்தான் தெரியும், அன்றாட ஓட்டத்தில் வாக்ஸைச் சோதிக்கிறோம் என்று கிளம்பி, கார் ஓடாமல் நிற்கும்போது நடப்பதைத்தான் பெரும்பாலும் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது.

ஆயுத பூஜை

வருடத்தில் ஒரு நாள் இந்தச் சோதனை உச்சத்தைத் தொடும். பானட்டின் நடுவில், சரியாக உங்கள் எல்லைக்கோட்டின்மேல், சந்தனம் பட்டையாகப் பூசப்படும். அதன்மேல் குங்குமம். பக்கத்தில் விபூதி. சக்கரத்துக்கு அடியில் நசுங்கும் எலுமிச்சை, தெறிக்கிற தெறிப்பில் பம்பர்வரை வரும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமம் காரம், எலுமிச்சை அமிலம், விபூதி நுண்ணிய தேய்ப்புத் தூள். ஆய்வகத்தில் மூன்று தனித்தனிச் சோதனையாகச் செய்ய வேண்டியதை நம் வீட்டுப் பெண்கள் ஒரே காலையில், தேங்காய் உடைப்பதற்குள் முடித்துவிடுவார்கள். வாழைக்கன்று கட்டிய கயிறு காற்றில் உரசுவது தனிக்கணக்கு.

“பானட்ல வேண்டாம், நம்பர் பிளேட்ல வெச்சுக்கலாமே” என்று சொல்லிப் பார்க்கலாம். சொல்வதற்கு முன், அடுத்த விபத்து எப்போது நடந்தாலும் அதற்குக் காரணம் யார் என்று முடிவாகிவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். சந்தனம் ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் அது தானாக உதிர்வதுதான் மரியாதை என்பதால் காய்ந்து, வெடித்து, தீபாவளிவரை இருக்கும். பிறகு துடைப்பவர் நகத்தால் சுரண்டுவார்.

பக்கத்து வீட்டு யோசனைகள்

சோதனை நடக்கும் செய்தி பரவியதும் மூன்றாவது மாடிக்காரர் வந்து, “வாக்ஸெல்லாம் பழசு சார், டெஃப்லான் போட்டுடுங்க” என்பார். டெஃப்லான், 1938-இல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்சாதன வாயு ஒன்றைத் தேடும்போது தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள். அதைத் தோசைக்கல்லில் பிடிக்க வைக்க 300 டிகிரிக்கு மேல் சூடேற்றி வாட்ட வேண்டும். உங்கள் காரை அப்படி வாட்டினால் டெஃப்லான் இருக்கும், கார் இருக்காது. டெஃப்லான் என்ற பெயரில் காரில் தேய்க்கப்படுகிற திரவத்தில் அந்தத் தூள் கொஞ்சம் மிதக்கலாம். அதிகமாக மிதப்பது பெயர்தான்.

ஐந்தாவது மாடிக்காரர் செராமிக் கட்சி. ‘நைன் எச்’ கடினம் என்பார். மோஸ் அளவுகோலில் ஒன்பது என்று நினைத்து நீங்கள் மலைத்துப்போவீர்கள். அந்த எச், பென்சிலின் எச். ‘எச்.பி.’ பென்சிலில் இருக்கிறதே, அதே குடும்பம். வெவ்வேறு கடினமுள்ள பென்சிலால் கீறி, எதுவரை கீறல் விழவில்லை என்று பார்க்கும் சோதனை அது. பென்சிலோடு வந்து சண்டை போடுகிறவர்களிடமிருந்து உங்கள் காருக்கு முழுப் பாதுகாப்பு. நியாயமாகச் சொன்னால் செராமிக் பூச்சு வாக்ஸைவிடப் பல மடங்கு நாள் நிற்கும். பனியன் துணியும் பக்கெட்டும் அதற்கும் வரும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

முடிவை எழுதுதல்

இயற்கை மெழுகு என்றால் வாரக்கணக்கு, செயற்கை பாலிமர் சீலன்ட் என்றால் மாதக்கணக்கு என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. உங்கள் நோட்டில் வரும் எண் அதைவிடக் குறைவாக இருந்தால் வாக்ஸைத் திட்டுவதற்கு முன் ‘யார் துடைத்தது’ என்ற பத்தியை ஒருமுறை படியுங்கள். அப்படி ஒரு பத்தியே உங்கள் நோட்டில் இல்லையென்றால், நீங்கள் எழுதியது வாக்ஸின் ஆயுள் அல்ல, பனியன் துணியின் பலம்.

அடுத்த முறை கொஞ்சம் திருத்தமாகச் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரே யோசனை. துடைப்பவரின் மாதச் சம்பளத்தை நிறுத்தாதீர்கள். துடைக்காமல் இருப்பதற்காக அதைக் கொடுங்கள். எடுத்த எடுப்பில் ஒப்புக்கொள்ள மாட்டார். “மொத்த பில்டிங்கும் பளபளன்னு நிக்கிறப்ப உங்க வண்டி மட்டும் அழுக்கா நின்னா, செக்ரெட்டரி சார் என்னைத்தானே கேப்பாரு?” என்பார். நியாயம்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே வழியும் சொல்வார்: துடைக்காமல் விடுவதற்கு மாதம் இருநூறு ரூபாய் கூடப் போட்டுக் கொடுத்துவிடலாம், செயலாளர் கேட்டால் சாருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லிக்கொள்கிறார். பேரம் பேசி நூற்றைம்பதில் முடியுங்கள்.